ஒரு கை நீளம் மட்டும் பார்க்கும் லென்ஸ்

குழாய்க்காரருக்குத் தன் அக்கா மேல் இருபத்திமூன்று வருடமாக ஒரு மனக்குறை இருந்தது. பதிவு அலுவலகத்தில் அவருக்குக் கல்யாணம் நடந்த அன்று, வருவதாகச் சொன்ன போட்டோக்காரர் கடைசி நேரத்தில் காலை வாரிவிட்டார். சாட்சிக் கையெழுத்துப் போட வந்த ஒருவர் கழுத்தில் கேமரா தொங்கியது. அதைக் கழற்றி அக்கா கையில் கொடுத்துவிட்டார்கள். அதுவரை கேமராவைத் துடைக்கக்கூடத் தொட்டவள் இல்லை அக்கா. "எல்லாரும் அசையாம நில்லுங்க" என்று ஓர் அதட்டல் போட்டு, ஒரே ஒரு படம் எடுத்தாள். ஃபிலிமில் மிச்சம் இருந்ததும் அந்த ஒன்றுதான்.

படம் கழுவி வந்தது. பின்சுவரில் மாட்டியிருந்த கடிகாரம் அப்படியொரு தெளிவாக விழுந்திருந்தது. மணி பதினொன்று பத்து. நொடிமுள் எந்தக் கோட்டில் நிற்கிறது என்றுகூடச் சொல்லிவிடலாம். அதற்கு முன்னால் மாப்பிள்ளையும் பெண்ணும் நீராவிக்குள் நிற்பதுபோல் நின்றார்கள். மாப்பிள்ளைக்கு மூக்கு எங்கே, வாய் எங்கே என்று தேடவேண்டியிருந்தது.

"அன்னிக்கு அந்தக் கடிகாரத்துக்குத்தான் கல்யாணம் நடந்துச்சு. நாங்க சும்மா கூட நின்னோம்" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார் குழாய்க்காரர். அக்கா பக்கத்தில் இருந்தால் சத்தம் இன்னும் கொஞ்சம் கூடும்.

அக்கா ஒருநாளும் மன்னிப்புக் கேட்டதில்லை. "கடிகாரம் நல்லா விழுந்திருக்குல்ல? மொதல்ல அதச் சொல்லு" என்பாள்.

அக்காவுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. முப்பத்தோரு வருடம். துவைத்து வரும் பெட்ஷீட்டுகளைச் சூடான பெரிய உருளைக்குள் கொடுத்து, மறுபக்கம் மொடமொடவென்று வருவதை வாங்கி மடிக்கவேண்டும். மடிப்பதற்கு முன்னால் இரண்டு முனையையும் பிடித்து, கையை நீட்டி, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே விரித்துப் பார்ப்பாள். கறை இருக்கிறதா, கிழிசல் இருக்கிறதா. ஒரு விரிப்புக்கு இரண்டு நொடி. அவள் கையைத் தாண்டிக் கறையோடு ஒரு விரிப்பு மாடிக்குப் போனதாகச் சரித்திரம் இல்லை. ஆஸ்பத்திரி முழுக்க அவளை 'இஸ்திரி அக்கா' என்றுதான் கூப்பிட்டார்கள். அவளைவிட வயதில் மூத்த டாக்டர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

ஓய்வு பெற்ற அன்று சலவைக்கூடத்தார் சேர்ந்து அவளுக்கு ஒரு கேமரா வாங்கிக் கொடுத்தார்கள். எதற்குக் கேமரா? அவளே ஒருநாள், உருளை சூடாகிற நேரத்தில், "ஓய்வு கெடச்சா ஒரு கேமரா வாங்கி ஒழுங்கா போட்டோ எடுக்கக் கத்துக்கணும். என் தம்பி வாய அடைக்கணும்" என்று சொல்லியிருந்தாள். விளையாட்டாகச் சொன்னதை அவர்கள் மறக்கவில்லை. தள்ளுபடியில் நல்ல கேமரா. பெட்டியைப் பிரித்தால், நடுவில் ஒரு பெரிய ஓட்டை. அதை ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் மூடி மூடியிருந்தது. லென்ஸ் இல்லை. உடம்பு மட்டும் தனியாக விற்பார்கள், லென்ஸைத் தனியாக வாங்கவேண்டும் என்பது சலவைக்கூடத்தில் யாருக்கும் தெரியாது. விலை ஏன் அவ்வளவு மலிவு என்று அப்போதுதான் விளங்கியது.

"பரவால்ல. என்னைப் போலத்தான். உடம்பு இருக்கு, கண்ணுதான் சரியில்ல" என்று சொல்லிச் சிரித்து வாங்கிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்த மூன்றாவது நாளே அந்தச் சிரிப்பு போய்விட்டது. மகன் காலையில் வேலைக்குப் போய்விடுவான். மருமகளுக்கு வீட்டிலேயே வேலை. காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, எங்கோ இருக்கிற வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்கிற வேலை. இரண்டு அறை வீடு. மிக்ஸி போடக்கூடாது, குக்கர் விசில் அடிக்கக்கூடாது, குழாயைக்கூட மெல்லத் திறக்கவேண்டும். மருமகள் கெட்டவள் இல்லை. ஒவ்வொரு தடவையும், "அத்தை, கொஞ்சம்..." என்று கையால் கெஞ்சிவிட்டுத்தான் கதவைச் சாத்துவாள். முப்பத்தோரு வருடம் இயந்திரச் சத்தத்தில் கத்திக் கத்திப் பேசியவள், காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை வாயைத் திறக்காமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

நாலாவது நாள் ஆஸ்பத்திரிக்கே போய்ப் பிரசவ வார்டுத் தலைமை நர்ஸின் எதிரே நின்றாள். வீட்டுக்குப் போகிற தாய்மார்களுக்கு அங்கே ஒரு அட்டை கொடுப்பார்கள். குழந்தையின் எடை, பிறந்த நேரம், தடுப்பூசித் தேதி எல்லாம் அதில் இருக்கும். மேல் மூலையில் படம் ஒட்ட ஒரு சதுரம். அந்தச் சதுரத்தில் படம் ஒட்டி யாரும் பார்த்ததில்லை.

"அந்தச் சதுரத்த நான் நிரப்புறேன்" என்றாள் அக்கா.

தலைமை நர்ஸ் மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். "உங்களுக்கு போட்டோ எடுக்கத் தெரியுமா?"

"தெரியாது. பெட்ஷீட் இஸ்திரி போடவும் தெரியாமத்தான் வந்தேன்."

தலைமை நர்ஸுக்கு அந்தப் பதில் பிடித்திருக்கவேண்டும். திங்களிலிருந்து ஒரு வாரம் பார்ப்போம் என்றார். படங்கள் நன்றாக இருந்தால் தினமும் காலையில் வரலாம். சின்னதாக ஒரு சம்பளத்துக்கும் எழுதிப் பார்க்கலாம். ஃபிளாஷ் மட்டும் போடக்கூடாது, குழந்தைகள் கண் கூசும். நன்றாக இல்லை என்றால் வெள்ளிக்கிழமையோடு சரி.

வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அந்த நாற்காலிதான் என்பது அக்காவுக்குத் தெரியும். குழாய்க்காரருக்கும் தெரியும். அதனால்தான் லென்ஸ் வாங்கப் போகும்போது தானும் வருவதாக அவர் ஒட்டிக்கொண்டார். கேமராவைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் சாமான் வாங்குவதில் தன்னை ஒருவன் ஏமாற்றமுடியாது என்பது அவருடைய எண்ணம்.

பழைய கேமராச் சாமான்கள் விற்கிற கடை அது. தடிக்கண்ணாடி என்று கடைத்தெருவில் பெயர் வாங்கிய ஒருவர் நடத்தினார். கண்ணாடி அலமாரிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, அக்காவின் கேமராவை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன எடுக்கப் போறீங்க?"

அக்கா வாயைத் திறப்பதற்குள், "எல்லாம்தான்" என்றார் குழாய்க்காரர். "கல்யாணம், காட்சி, பறவை, பட்சி. நல்லதா ஒண்ணு காட்டுங்க. எங்க பட்ஜெட்டு சின்னது."

தடிக்கண்ணாடி மூன்றை எடுத்து வைத்தார். ஒன்று கேமராவோடு சேர்த்தே விற்கிற சின்ன ஜூம். பிளாஸ்டிக், காற்றுப்போல் கனமில்லாமல் இருந்தது. இரண்டாவது புதுசு, ஜூம் கிடையாது, குட்டையாக ஒரு டப்பாபோல் இருந்தது, விலை அக்காவின் பர்ஸில் இருந்ததைத் தாண்டியது. மூன்றாவது ஒரு முழ நீளம். யாரோ பயன்படுத்தி விற்றது. தெருக்கோடியில் நிற்கிறவனின் சட்டைப் பொத்தானை எண்ணலாமாம். பாதி விலைக்குப் போட்டிருந்தார்.

குழாய்க்காரர் மூன்றையும் ஒவ்வொன்றாகக் கையில் வைத்து எடை பார்த்தார். பித்தளை வால்வை அப்படித்தான் பார்ப்பது. கனமாக இருந்தால் நல்ல சரக்கு, லேசாக இருந்தால் தண்ணீர் அழுத்தம் தாங்காது. "இதுதான்" என்று நீளமானதை நகர்த்தினார். "இந்தக் காசுக்கு இவ்வளவு சாமான் வேற எங்க கெடைக்கும்?"

"வெளிச்சம் கம்மியா இருக்கிற எடத்துல இது கொஞ்சம்..." என்று இழுத்தார் தடிக்கண்ணாடி.

"எடுக்கிறவங்க பாத்துக்குவாங்க. நீங்க பில்லப் போடுங்க."

அக்கா பர்ஸைத் திறந்தாள். தம்பி சாமான் வாங்கிப் பழகியவன் என்ற நம்பிக்கை அவளுக்கு.

திங்களும் செவ்வாயும் அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்லை. அந்த லென்ஸ் ஒன்றரை மீட்டருக்கு உள்ளே எதையும் பார்க்க மறுத்தது. கட்டிலில் படுத்திருக்கும் குழந்தையை எடுக்க அவள் சுவரோடு சுவராக ஒட்டி நிற்கவேண்டியிருந்தது. நடுவில் நர்ஸ்கள் போய்வந்தார்கள். வார்டில் திரை போட்ட மங்கல் வெளிச்சம். ஒரு படம் விழ அந்த லென்ஸ் எடுத்துக்கொண்ட நேரத்தில் குழந்தை கொட்டாவி விட்டு முடித்துக் காலையும் உதைத்தது. ஒரு படத்தில் ஒரு குழந்தைக்கு மூன்று கை இருந்தது.

தலைமை நர்ஸ் கேமராத் திரையைப் பார்த்துவிட்டு மெதுவாகத்தான் சொன்னார். "இஸ்திரி அக்கா, இது யாரு குழந்தைன்னு பெத்தவளுக்கே தெரியாது."

செவ்வாய் மத்தியானம் அக்கா தம்பியின் வேலை நடக்கிற கட்டடத்துக்கே வந்துவிட்டாள். அவர் ஒரு கழுவுதொட்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். அவள் குனிந்து கேமராத் திரையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"உனக்கும் எனக்கும் இனிமே சரியாப் போச்சுடா" என்றாள். "ஒரு கடிகாரத்துக்கு ஒன்பது குழந்தை."

குழாய்க்காரர் தொட்டிக்கு அடியிலிருந்து வெளியே வர அன்றைக்கு நெடுநேரம் எடுத்துக்கொண்டார்.

இரண்டாம் தடவை கடைக்குப் போனபோது அவர் ஓரமாக நின்றுகொண்டார். அக்காதான் பேசினாள். பிறந்த குழந்தை, மங்கல் வார்டு, ஃபிளாஷ் கூடாது, வெள்ளிக்கிழமைக்குள் என்று நாலே வார்த்தை.

"இத மொத நாளே சொல்லியிருந்தா..." என்ற தடிக்கண்ணாடி, குழாய்க்காரரை ஒரு பார்வை பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். "பாருங்கம்மா, உங்களுக்கு வேண்டியது நீளம் இல்ல. ஓட்டை. உங்க நீட்டு லென்ஸ்ல அஞ்சு புள்ளி ஆறுன்னு போட்டிருக்கா? உங்களுக்கு ஒண்ணு புள்ளி எட்டு வேணும்."

"அஞ்சுதானே பெருசு?" குழாய்க்காரரால் வாயை அடக்கமுடியவில்லை.

"இல்லீங்க. நம்பர் சின்னதா இருந்தா ஓட்டை பெருசு."

"எந்தப் புண்ணியவான் போட்ட கணக்கு இது? எங்க வேலையில அரை இன்ச்னா சின்னக் குழாய், ஒரு இன்ச்னா பெரிய குழாய். நேரா இருக்கும்."

"நான் போடலீங்க. நான் விக்கிறேன், அவ்வளவுதான்."

ஆனால் குழாய் என்று சொன்னதும் குழாய்க்காரருக்கு விஷயம் பளிச்சென்று பிடிபட்டுவிட்டது. அக்கா பக்கம் திரும்பினார். "படம்ங்கிறது ஒரு வாளி, வெளிச்சம்ங்கிறது தண்ணி. சின்னக் குழாயில வாளி நெறைய ரொம்ப நேரம் ஆகும். அதுக்குள்ள குழந்தை அசைஞ்சிடும். பெரிய குழாய்னா சடக்குன்னு ரொம்பிடும். இவ்வளவுதான் சங்கதி!"

"இத மொத தடவையே கண்டுபிடிக்கிறதுக்கு என்ன?" என்றாள் அக்கா.

தடிக்கண்ணாடி நீட்டு லென்ஸைத் திருப்பி எடுத்துக்கொண்டார். அதற்குச் சமமான விலையில் பெரிய ஓட்டை லென்ஸ் எது இருக்கிறது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுத் தேடினார். கடைசியில் மேசைக்கு அடியில் இருந்த அட்டைப்பெட்டியைக் கிளறி, இரும்பில் செய்த ஒரு பழைய லென்ஸை எடுத்தார். ஒன்று புள்ளி எட்டு. தானாக எதுவும் செய்யாது; வளையத்தைக் கையால் திருகித்தான் தெளிவு பார்க்கவேண்டும். டார்ச்சை உள்ளே அடித்துக் காட்டினார். "சிலந்தி வலை மாதிரி ஏதாவது தெரிஞ்சா பூஞ்சை பிடிச்சிருக்குன்னு அர்த்தம். பழைய லென்ஸ் வாங்குறப்ப மொதல்ல இதப் பாக்கணும். இது சுத்தமா இருக்கு. ஒரே ஒரு சிக்கல். வாய் வேற. இது திருகு லென்ஸ், உங்க கேமராவுல மாட்ட நடுவுல ஒரு ரிங் வேணும். சொல்லிவிட்டா ரெண்டு வாரம் ஆகும்."

குழாய்க்காரர் லென்ஸை வாங்கிப் பின்பக்கத்தைப் பார்த்தார். திருகி ஏற்றச் சுற்றிச்சுற்றி வெட்டிய கோடுகள். மரை. நல்ல, சுத்தமாகக் கடைந்த மரை. முப்பது வருடமாக மரையோடு குடும்பம் நடத்துகிற மனுஷனிடம் வந்து மரையில் சிக்கல் என்றால்?

"ரெண்டு வாரமா? நாளைக்குக் காலையில ரிங் ரெடி" என்றார்.

தடிக்கண்ணாடி எதையோ சொல்ல வந்தார். கனம், அளவு, ஒரு மில்லிமீட்டர் என்று ஏதோ. குழாய்க்காரர் அதற்குள் படியிறங்கிவிட்டார்.

புதன்கிழமை காலையில் தனக்குப் பழக்கமான கடைசல்காரரின் லேத் பட்டறைக்குப் போனார். கேமராவோடு வந்த அந்தக் கறுப்பு மூடியின் நடுவில் வட்டமாக ஓட்டை போட்டு, அதன்மேல் பித்தளை வளையம் ஒன்றை ஒட்டுவது என்பது அவருடைய யோசனை. மூடி கேமராவில் பொருந்தும், வளையத்தின் மரையில் லென்ஸ் ஏறும். கடைசல்காரர் வளையத்தை மெலிசாக்கட்டுமா என்று கேட்டார்.

"எதுக்கு? கனமா இருக்கட்டும். கால் இன்ச் கூட இருந்தா என்ன, குறைஞ்சா போகுது? உறுதியா நிக்கணும்."

குழாய் வேலையில் அது முழுக்க நியாயம். இரண்டு குழாய்க்கு நடுவில் இணைப்பு கால் அங்குலம் கூடினால் எந்தத் தண்ணீரும் முகம் சுளிப்பதில்லை. ஒழுகாமல் இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

மத்தியானம் அக்கா வீட்டுக்குப் போய், லென்ஸைத் திருகி ஏற்றினார். பட்டுப்போல் ஏறியது. ஆட்டிப் பார்த்தார், அசையவில்லை. தடிக்கண்ணாடி சொல்லிக்கொடுத்தபடி வேற்று லென்ஸையும் கேமரா ஏற்றுக்கொள்ளும்படி அதன் அமைப்பில் ஒன்றை மாற்றிவிட்டு, ஜன்னல் வழியே எதிர்க் கட்டடத்தைப் பார்த்தார். நீராவி. வளையத்தை ஒரு கோடிக்குத் திருகினார். நீராவி. மறுகோடிக்குத் திருகினார். இன்னும் அடர்த்தியான நீராவி. நெற்றியிலிருந்து வியர்வை கேமராமேல் சொட்டியது.

அடுத்த அறையில் மருமகள் வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டிருந்தாள். ஆகவே அக்காவும் தம்பியும் குசுகுசுவென்றுதான் சண்டை போடவேண்டியிருந்தது.

"என்னடா?"

"ஒண்ணும் தெரியல."

"மூடியக் கழட்டினியா?"

"கழட்டாம பாப்பனா? என்ன முட்டாள்னு நெனச்சியா?"

"நெனைக்கல. தெரியும்."

"அக்கா, நேரங்கெட்ட நேரத்துல..."

"மெதுவா பேசு!"

"மெதுவாத்தான் பேசுறேன்!" என்று அவர் கத்திவிட்டார். கதவு திறந்தது. மருமகள் ஹெட்போன் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு எட்டிப்பார்த்தாள். "அத்தை, மாமா... ஒரே ஒரு நிமிஷம்." கதவு சாத்திக்கொண்டது.

இருவரும் பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்டவர்கள்போல் சமையலறைக்கு நழுவினார்கள். குழாய்க்காரர் அடுப்பு மேடையில் சாய்ந்து நின்றார். வளையம் கனமாகிப்போனதால் லென்ஸ் கேமராவைவிட்டுத் தள்ளி உட்கார்ந்துவிட்டது, தள்ளி உட்கார்ந்தால் தூரம் தெரியாது என்பதெல்லாம் அவருக்குப் பின்னால் தடிக்கண்ணாடி சொல்லித்தான் தெரியும். அப்போது தெரிந்தது ஒன்றுதான்: தன்னால் இரண்டாவது தடவையும் கெட்டுப்போயிற்று. நாளைக்கு வியாழன்.

அக்கா கேமராவை வாங்கிக்கொண்டாள். எங்கேயும் குறிபார்க்கவில்லை. தன் இடது கையை முன்னால் நீட்டி, அதைப் பார்த்தாள். கொஞ்சம் கிட்டே கொண்டுவந்தாள்.

"ரேகை தெரியுதுடா."

"என்ன?"

"என் கை ரேகை. கட்டைவிரல்ல உருளை சுட்ட தழும்பு. அது மேல ஒரு முடி. எல்லாம் தெரியுது."

தையல் டேப்பை எடுத்து அளந்தார்கள். ஒரு சாணிலிருந்து இருபத்திரண்டு அங்குலம் வரைக்கும் கண்ணாடிபோல் தெரிந்தது. அதற்கப்பால் உலகம் இல்லை.

"சாயங்காலமே கடைசல்காரரப் பாத்து ரிங்க மெலிசு பண்ணிட்டு வந்துடறேன்" என்றார் குழாய்க்காரர். குரல் அவருக்கே புதிதாக இருந்தது.

"வேண்டாம். கை வெச்சேன்னா கையிலயே போடுவேன்." அக்கா கேமராவை மேடையில் வைத்துவிட்டு, இரண்டு கையையும் விரிப்பின் முனைகளைப் பிடிப்பதுபோல் நீட்டிக் காட்டினாள். "பெட்ஷீட்ட நான் எவ்வளவு தூரத்துல பிடிச்சுப் பாப்பேன்? இவ்வளவு தூரந்தான். முப்பத்தோரு வருஷமா இதுக்கு அப்பால நான் எதையும் பாத்ததில்ல."

வியாழக்கிழமை காலையில் அவள் கட்டிலுக்குப் போகவில்லை. தாயையும் குழந்தையையும் ஜன்னல் ஓரத்து நாற்காலிக்கு வரச்சொன்னாள். திரை வழியே வடிகட்டி வந்த வெளிச்சம் அங்கே இருந்தது. லென்ஸ் வளையத்தைத் திருகவே இல்லை. ஒரு இடத்தில் வைத்துவிட்டு, தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு மெல்ல முன்னால் சாய்ந்தாள். குழந்தையின் இமைமுடி தனித்தனியாகத் தெரிந்த நொடியில் அழுத்தினாள். கறை பார்க்கிற அதே இரண்டு நொடி. ஏழு குழந்தைகள், ஏழு படம். வாசலில் இருந்த ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்துக்கொண்டு வந்து மேசையில் வைத்தாள்.

தலைமை நர்ஸ் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். பசை டப்பாவை இழுத்தார். முதல் படத்தை அட்டையின் சதுரத்தில் ஒட்டி, விரலால் நான்கு மூலையையும் அழுத்தினார்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்கணும்னு சொன்னீங்களே?" என்றாள் அக்கா.

"வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு வந்துடுங்க. சனிக்கிழமையும்."

அதற்குப் பிறகு ஒன்பது வருடம் அக்கா அந்த வார்டுக்குப் போனாள். சரியான ரிங் இரண்டு வாரத்தில் வந்தது. தடிக்கண்ணாடி தானே கொண்டுவந்து கொடுத்தார். அதை மாட்டினால் தெருக்கோடிவரை தெரியும். அக்கா அதை உறையைக்கூடப் பிரிக்காமல் அலமாரியில் போட்டுவிட்டாள். குழந்தையின் அப்பன்மார்கள், "குடும்பத்தோட சேர்த்து ஒண்ணு எடுங்கம்மா" என்று வந்து வரிசையாக நிற்பார்கள். "எனக்கு முழு ஆளு எடுக்கத் தெரியாது. ஒரு மூஞ்சிதான். உங்க மூஞ்சி வேணுமா, குழந்தை மூஞ்சி வேணுமா?" என்பாள். அப்பன்மார்கள் ஒதுங்கிக்கொள்வார்கள்.

வீட்டிலும் நிலைமை சீராகிவிட்டது. அவள் மத்தியானம் திரும்பும்போது மருமகளுக்கு வேலை இடைவேளை. அன்றைக்குப் பிறந்தவர்களின் வண்டவாளங்களை அக்கா வாய்விட்டுச் சொல்ல, மருமகள் சாப்பிட்டுக்கொண்டே கேட்பாள்.

குழாய்க்காரருக்கு மட்டும் குறை தீரவில்லை. கல்யாணமாகி இருபத்தைந்தாவது வருடம் வந்தபோது, அவர் மனைவி விடாப்பிடியாக நின்றாள். "அண்ணி, ஊரு குழந்தைங்கள எல்லாம் எடுக்கிறீங்க. எங்க ரெண்டு பேரையும் சேர்த்து ஒண்ணு எடுத்துக் குடுங்க."

"சேர்த்து வராது" என்றாள் அக்கா. "இந்த லென்ஸுக்கு ஒரு நேரத்துல ஒருத்தர்தான்."

"அலமாரியில அந்த இன்னொரு ரிங் இருக்குல்ல?" என்றார் குழாய்க்காரர்.

"இருக்கு. அது கடையில வாங்கினது. இது நீ செஞ்சது."

ஆக, தனித்தனியாக எடுத்தாள். முதலில் தம்பியின் மனைவியை. பிறகு தம்பியை ஜன்னல் ஓரமாக உட்காரவைத்து, ஒரு கை நீளத்தில் வந்து நின்றாள். "மூஞ்சியக் கடுகடுன்னு வெச்சுக்காத."

"என் மூஞ்சியே அப்படித்தான்."

"தெரியும். அதான் மொத தடவை கடிகாரத்த எடுத்தேன்."

அவர் சிரிக்காமல் இருக்கப் பல்லைக் கடித்தார். அந்த நொடி விழுந்துவிட்டது. தாடையில் பைப் ரெஞ்ச் அடித்த வடு, காதோரத்து நரை, மூக்கு மேல் சிமெண்ட் தூசு, எல்லாம் அச்சாக வந்தன. இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார்கள். அவர் மனைவி இடுப்பில் கைவைத்துக்கொண்டு அரை மணி நேரம் பார்த்தாள். "ஏங்க, அந்த நீராவிப் படத்துல நீங்க இன்னும் கொஞ்சம் அழகா இருந்தீங்க" என்றாள்.

பழைய படத்தை அவர் கழற்றவில்லை. இரண்டுக்கும் மேலே, மணி பதினொன்று பத்து என்று காட்டிக்கொண்டு அது அங்கேயேதான் இருக்கிறது.

ஒன்பதாவது வருடம் அக்காவுக்கு இதய வால்வு பழுது என்று சொல்லி அதே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பிரசவ வார்டுக்கு இரண்டு மாடி மேலே. "நல்ல வால்வா பாத்து மாத்தச் சொல்லுடா, கனமா இருக்கட்டும்" என்று முதல் நாள் அவரைக் கிண்டல் பண்ணினாள். இரண்டாம் நாள் பேச்சுக் குறைந்துவிட்டது. மூன்றாம் நாள் காலையில் அவர் போனபோது, மூக்கில் குழாயோடு படுத்துக்கொண்டு, போர்த்தியிருந்த விரிப்பின் ஓரத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கறை போகல பாரு. இப்ப யாரு பாக்குறாங்களோ" என்றாள்.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். டாக்டர் மத்தியானம் ஆபரேஷன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து அவள் தலையணைப் பக்கம் கண்ணைக் காட்டினாள். அங்கே கேமராப் பை இருந்தது. இதை இங்கே யார் கொண்டுவந்தார்கள் என்று அவர் கேட்கவில்லை, மருமகளாகத்தான் இருக்கும்.

"கீழ ஏழாம் நம்பர் கட்டில்" என்றாள். மூச்சு வாங்கியது. "பொம்பளைப் பிள்ளை. பன்னெண்டு மணிக்கு வீட்டுக்குப் போயிடும். அட்டையில சதுரம் காலியா இருக்கு."

"நர்ஸ் போன்ல எடுத்துக்குவாங்க அக்கா. நீ பேசாம படு."

"போன்ல எடுத்தா மூக்கு பெருசாத் தெரியும். நீ போய் எடு."

"நானா? நான் எங்க..."

"நீ என் தம்பின்னு எல்லாருக்கும் தெரியும், உள்ள விடுவாங்க. கையக் கழுவிட்டுப் போ. நல்லா சோப்பு போட்டு." நிறுத்தி, மறுபடி மூச்சை இழுத்துக்கொண்டாள். "வளையத்தத் திருகாத. நான் வெச்ச எடத்துலயே இருக்கு. ஒரு கை நீளம். மூச்சப் பிடிச்சிட்டு மெல்லச் சாயி. இமை தெரியுறப்ப அமுக்கு."

அவர் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார். பித்தளை வளையம் உறை வழியாகவே கனமாகத் தெரிந்தது. கதவுவரை போனவரை அவள் மறுபடி கூப்பிட்டாள். அவளிடமிருந்து அவருக்கு வந்த கடைசி வேலையின் கடைசி நிபந்தனை அது.

"டேய், அந்த நாற்காலிக்குப் பின்னாடி சுவத்துல ஒரு கடிகாரம் மாட்டியிருக்கு. அத எடுத்துட்டு வந்து நிக்காத."